நாற்பத்து நான்காவது வால்வு

ஏற்காட்டின் பழைய கடைவீதிக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை கலாவதியிடம் பதினான்கு வருடம் இருந்தது. அதற்கு முன் அது அவள் கணவன் சின்னத்தம்பி பார்த்த வேலை. 2008 ஐப்பசியில் மஞ்சள் காமாலை வந்து பதினோரு நாளில் அவன் போய்ச் சேர்ந்தான். ஒன்பது வயது மகளோடு நின்றவளுக்குக் குடிநீர் ஆபீஸில் அந்த வேலையையே போட்டுக் கொடுத்தார்கள். பெண்பிள்ளை வால்வு திறப்பாளா என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். கலாவதி அதுவரை எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்துக்கொண்டிருந்தவள். சரிவில் மூட்டையைத் தலையில் வைத்து நடந்த கால்களுக்குக் கடைவீதியின் ஏற்ற இறக்கம் பெரிய காரியமாகப் படவில்லை.

முதல் நாள் ஆபீஸில் அவளிடம் இரண்டு பொருள்களைத் தந்தார்கள். இடுப்புயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி. மேலே குறுக்குக் கம்பி வைத்தது, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்ப வேண்டும். அப்புறம் இரண்டு தாளில் ஒரு பட்டியல். அதில் நாற்பத்து மூன்று வால்வுகள் இருந்தன. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் திறப்பது, எப்போது மூடுவது என்பதெல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. பட்டியலைப் பார்த்துக்கொண்டே ஒரு வாரம் நடந்தாள். எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் போனது. யாரும் ஆபீஸுக்கு வந்து சத்தம் போடவில்லை. வேலை பிடிபட்டுவிட்டது என்று நினைத்தாள்.

எட்டாம் நாள் காலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி அவளை வழியில் நிறுத்தினாள். கடைவீதியின் கடைசியில், ஓடையை ஒட்டிய சலவைக்காரர் வரிசையில் குடியிருக்கும் பாவாயி அவள். லாட்ஜுகளின் போர்வை, படுக்கை விரிப்பெல்லாம் வெளுத்துக் கொடுப்பது அந்த வரிசையின் தொழில்.

"ஏனுங்க அம்மிணி, அண்ணன் போனப்பறம் எங்களுக்குத் தண்ணியே வரலைங்களே."

கலாவதி பட்டியலை எடுத்துப் பார்த்தாள். சலவைக்காரர் வரிசை என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

"உங்க பக்கத்துக்கு லைனே இல்லைங்களேக்கா."

"லைன் இல்லாமயா தெனமும் அரை மணி நேரம் தண்ணி வந்துச்சு? அண்ணந்தான் தொறந்து உடுவாரு. எங்க தொறப்பாருன்னு எங்களுக்குத் தெரியாது. தண்ணி வரும், புடிச்சுக்குவோம்."

அன்று மாலை கலாவதி ஆபீஸில் மூத்த குழாய் பிட்டரிடம் மெதுவாக விசாரித்தாள். "அங்க என்ன லைன்? ஓடைப் புறம்போக்கு அது" என்றார் அவர். அதற்குமேல் அவள் யாரையும் கேட்கவில்லை. சின்னத்தம்பி அவளிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரே சங்கதி இதுதான் போலும். தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று மறைத்திருக்க வேண்டும்.

அந்த வரிசைக்குப் போய்ப் பார்த்தாள். பதினோரு வீடுகள். ஒன்பதாவது வீட்டை அடுத்துக் கருங்கல்லால் கட்டிய நீளமான தொட்டி ஒன்று. அதைச் சுற்றித் துவைக்கிற கற்கள். தொட்டியின் மேற்புறச் சுவரில், கையை விட்டால் மணிக்கட்டு வரை போகிற ஓர் இரும்புக் குழாயின் வாய் தெரிந்தது. உள்ளே காய்ந்து கிடந்தது. அந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்தால் வால்வு கிடைத்துவிடும். ஆனால் அது மண்ணுக்கடியில் எந்தப் பக்கம் போகிறதென்று எப்படித் தெரிந்துகொள்வது?

வழி பாவாயியிடம்தான் இருந்தது. அவள் ஒரு நாள் கோபத்தில் கல்லை எடுத்துக் குழாயின் வாயில் ஓங்கி அடித்தாள். கலாவதி அப்போது இருபது அடி தள்ளி, சாவியைத் தரையில் ஊன்றி நின்றிருந்தாள். அடித்த அடி சாவியின் வழியே அவள் கைக்கு வந்தது. கோயில் மணியைத் தொட்டுப் பார்த்த மாதிரி ஒரு அதிர்வு. குனிந்து சாவியின் முனையில் காதை வைத்தாள். "இன்னொருக்கா அடிங்கக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் இரண்டு பேரும் அதையே செய்தார்கள். தினமும் காலை பத்து மணிக்குப் பாவாயி கால் மணி நேரம் குழாயைத் தட்டுவாள். அவள் தட்டி முடிப்பதற்குள் கலாவதி சாவியை அங்கங்கே ஊன்றிக் காதை வைத்துக்கொண்டே மேலேறுவாள். சத்தம் கேட்கிற இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு புள்ளி. மறுநாள் அந்தப் புள்ளியிலிருந்து மேலே. சில நாள் ஐந்து அடிதான் நகர முடியும். மழை நாளில் ஒன்றும் கேட்காது. வியாபாரிகள் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பார்த்தார்கள். பூமிக்குள் கசிவு பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தாள்.

இப்படித்தான் அவள் பழைய கடைவீதியைத் தெரிந்துகொண்டாள். அவள் போட்ட புள்ளிகள் இப்போதைய தெருவின் போக்கில் போகவில்லை. மொபைல் கடையின் வாசலைக் குறுக்கே வெட்டின, லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் நுழைந்தன. குழாய் ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. அந்தந்த இடத்தில் முன்னே என்ன இருந்தது என்று கேட்கத் தொடங்கினாள்.

மோட்டார் பாதை போடுவதற்கு முன்னால் மலைக்கு வருகிறவர்கள் அடிவாரத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும்தான் வந்தார்கள். வந்து சேரும் இடத்தில், மேட்டில், குதிரை லாயம் கட்டினார்கள். குதிரை இருக்கிற இடத்தில் லாடம் அடிக்கிறவர்கள் வந்தார்கள். பங்களாக்களில் குடியேறின துரைமார்களுக்கு ரொட்டி வேண்டியிருந்தது. லாயத்துக்குக் கீழே அடுப்பு போட்டார்கள். அதற்கும் கீழே தையல்காரர்களும், காப்பி மூட்டைக்குச் சாக்குத் தைக்கிற பெண்களும். அடுத்து கறிக்கடை. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓடையோரம் சலவைக்காரர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். யார் எவ்வளவு தண்ணீரை அழுக்காக்குவார்களோ அந்தக் கணக்கில் மேலிருந்து கீழாகக் குடிவைத்த ஊர் அது. இப்போதைய தெருக்கள் பஸ்ஸும் காரும் வந்த பிறகு போட்டவை. குழாய் மட்டும் பழைய வரிசைப்படியே கிடந்தது.

இதையெல்லாம் ஒரே ஆள் அவளுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் கடை இருந்த இடத்தைப் பற்றி ஒரு துண்டு சொன்னார். மிச்சத்தைக் குழாயை வைத்து அவளே கோத்துக்கொண்டாள். முக்கியமான துண்டு பேக்கரிக்கார ஷெர்லினிடமிருந்து வந்தது. நாலு தலைமுறையாக அதே இடத்தில் ரொட்டி சுடுகிற குடும்பம். கலாவதி அவர்கள் கடைக்குப் பின்னால் சாவியை ஊன்றி நின்ற அன்று, ஷெர்லின் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"எங்க வாட்டர் லைன் அந்தப் பக்கம் இல்லையே, இங்க என்ன தேடுறீங்க?"

"பழைய லைனுங்க. முன்னெல்லாம் உங்களுக்கு எங்கிருந்து தண்ணி வந்துதுன்னு ஏதாச்சும் தெரியுங்களா?"

"குதிரைத் தொட்டியில இருந்து. எங்கப்பா சொல்வாரு, இந்த ஊருல முதல்ல குதிரைக்குத்தான் தண்ணி, அப்புறம்தான் மனுஷனுக்குன்னு."

அந்தச் சொல்லில் கலாவதிக்கு வழி தெரிந்துவிட்டது. அதுவரை அவள் ஊருக்குத் தண்ணீர் தரும் பெரிய டேங்க்கை நோக்கித் தேடிக்கொண்டிருந்தாள். லைன் டேங்க்கிலிருந்து வரவே இல்லை. லாயத்துக்கு மேலே பாறையிடுக்கில் ஒரு ஊற்றும் அதைத் தேக்கிய சின்னக் கல்தொட்டியும் இருக்கின்றன. அவையும் ஆபீஸின் பொறுப்பில் உள்ளவைதான். அங்கிருந்து லாயத்துக்கு வந்து, லாயத்திலிருந்து கீழே இறங்கியிருக்க வேண்டும்.

லாயம் இருந்த இடத்தில் மாதேஸ்வரன் இரு சக்கர வாகனம் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தான். பின்சுவரோரம் பழைய டயர்களை அடுக்கியிருந்தான். அவற்றை நகர்த்தினால் ஒரு கல்பலகை. பலகையை நெம்பினால் கீழே வால்வு. அதன் தலை எண்ணெய் பூசிப் பளபளவென்றிருந்தது.

மாதேஸ்வரன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். "அண்ணன் தெனம் வந்து தொறப்பாருங்க. யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு. நீங்க வந்து கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நாலு மாசமா தெருத்தெருவா நாயா அலையறேன், நீயா வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"அண்ணன் சொல்ல வேண்டாமின்னாருங்களே."

அவள் சாவியை மாட்டித் திருப்பினாள். கீழே சலவைக்காரர் வரிசையில் பாவாயி கூவிய கூச்சல் அங்கே கேட்டிருக்க முடியாது. ஆனால் கேட்டது என்றுதான் கலாவதி பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் நாற்பத்து மூன்று வால்வுகளைத் திறந்து முடித்த பிறகு, நாற்பத்து நான்காவதை அரை மணி நேரம் திறப்பாள். பட்டியலில் அதை எழுதவில்லை. ஆபீஸில் சொல்லவில்லை. சொன்னால் அந்த லைனை அடைத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பட்டியலில் இல்லாத தண்ணீரைக் கொடுப்பது தண்டனைக்குரிய தப்பு என்பதும் தெரியும். பாவாயி அவளுக்கு மாதம் ஒரு தடவை போர்வைகளை வெளுத்துக் கொடுத்தாள். வேண்டாமென்று சொன்னாலும் விடமாட்டாள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இரண்டு குடும்பத்தாரும் ஒரே ஜீப்பில் போய்வந்தார்கள். பாவாயியின் வீடு வரிசையில் பதினோராவது. கல்யாணமாகி வந்தபின் அவளும் புருஷனும் ஓடையிலிருந்து கல் சுமந்து கட்டியது. புருஷன் செத்தபின் மகனோடும் மருமகளோடும் அதில் இருந்தாள்.

2023இல் புதிய குடிநீர்த் திட்டம் வந்தது. வீட்டுக்கு வீடு குழாய். அதற்காக வீடுகளை அளந்தபோது சலவைக்காரர் வரிசை ஓடைப் புறம்போக்கில் இருப்பதாக வரைபடத்தில் சிவப்புக் கோடு விழுந்தது. அங்கே இருக்கிறவர்களுக்குக் குழாயும் கிடையாது, முப்பது நாளில் காலி செய்ய வேண்டும் என்று பதினோரு வீட்டின் கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த வரிசையின் பெயரில் பழைய ஆவணம் எதுவும் இல்லை. நூறு வருடமாக இருக்கிறோம் என்று அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

திட்டத்துக்கு வந்த பொறியாளரின் பெயர் புவனா. நாற்பது வயதிருக்கும். முகம் கொடுத்துப் பேசுகிறவர். கலாவதி அவருடன் வால்வுகளைக் காட்டப் போனபோது நடைபாதையில் மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க மேடம், அந்த வரிசை பழசுன்னு காட்டணுமின்னா என்ன வேணுமுங்க?"

"அரசாங்கம் அங்க ஏதாவது செஞ்சு கொடுத்ததுக்கு அடையாளம். ரோடு, விளக்கு, குழாய், எதுவா இருந்தாலும் சரி. அது இருந்தா குடிவெச்சதே அரசாங்கம்னு ஆயிடும். அப்புறம் ஆக்கிரமிப்புன்னு சொல்ல முடியாது. எதுவரைக்கும் வசதி கொடுத்திருக்கோ அதுவரைக்கும் விட்டுடலாம்."

எதுவரைக்கும் என்ற சொல் கலாவதியின் காதில் தங்கிவிட்டது.

குழாய் ஒன்பதாவது வீட்டோடு நின்றது. அதைக் காட்டினால் ஒன்பது வீடுகள் பிழைக்கும். பத்தாவதும் பதினோராவதும் குழாய்க்கு அப்பால் இருந்தன. வாயை மூடிக்கொண்டிருந்தால் பதினோரு வீடும் போகும். ஆனால் அதில் அவள் கை இருக்காது. அவள் வேலையும் பத்திரமாக இருக்கும்.

சேலத்தில் நர்ஸாக இருக்கும் மகள் வெண்ணிலாவிடம் போனில் சொன்னாள்.

"அம்மா, உனக்கு இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருக்குது. அப்பா அதை வெளிய சொல்லாமத்தானே வெச்சிருந்தாரு?"

"அப்போ யாரும் அவங்களைக் காலி பண்ணச் சொல்லலையே கண்ணு."

"எதுக்கும் பாவாயிப் பெரீம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்."

கேட்கத்தான் போனாள். பாவாயி டீ போட்டுக் கொடுத்தாள். மருமகள் நாலு மாதம் என்றும், பிள்ளை பிறப்பதற்குள் நோட்டீஸ் விவகாரம் தீர்ந்துவிட வேண்டுமென்றும் பேசிக்கொண்டிருந்தாள். கலாவதி டீயைக் குடித்தாள். தம்ளரைக் கழுவி வைத்தாள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலை புவனாவைப் பட்டறைக்கு அழைத்துப்போனாள். கூட நில அளவைக்காரர்கள் இரண்டு பேரும், ஆபீஸ் சூப்பர்வைசரும் வந்தார்கள். மாதேஸ்வரன் டயர்களை நகர்த்தினான். கலாவதி பலகையை நெம்பிச் சாவியை மாட்டித் திருப்பினாள். பூமிக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

சூப்பர்வைசர் பட்டியலைப் புரட்டினார். "இது லிஸ்ட்லயே இல்லையே. இதை யாரு தொறக்கறது?"

"நாந்தானுங்க."

"எத்தனை நாளா?"

"பதினாலு வருஷமா. அதுக்கு முன்னால எங்க ஊட்டுக்காரரு."

 அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து நேரத்தையும் தேதியையும் எழுதிக்கொண்டார். புவனா வால்வுப் பள்ளத்தில் இறங்கிக் குழாயின் மூட்டைக் கைவிரலால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் மிருதுவான உலோகம் தெரிந்தது.

"ஈயம் உருக்கி ஊத்தின மூட்டு. இந்த மாதிரி போடறதை நிறுத்தியே பல காலம் ஆச்சு" என்றார். "இது தனியாள் போட்ட லைன் கிடையாது, அரசாங்கம் போட்டது. கீழ வரைக்கும் மூணு இடத்துல தோண்டிப் பாக்கலாம்."

தோண்டினார்கள். மூன்று இடத்திலும் அதே குழாய், அதே ஈயம். கலாவதி சுண்ணாம்புப் புள்ளி வைத்த இடங்களை நினைவிலிருந்தே காட்டினாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. கடைசிக் குழி கல்தொட்டியில் போய் முடிந்தது. அளவைக்காரர் நாடாவை அங்கிருந்து பிடித்தார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். நாடா ஒன்பதாவது வீட்டின் மூலையைத் தொட்டதும் அவர் அதை மடக்கிவிட்டார். பாவாயி தன் வீட்டு வாசலில் நின்று அதைப் பார்த்தாள். அப்போது அவளுக்கு விஷயம் புரிந்ததா என்று கலாவதிக்குத் தெரியவில்லை. அவள் பாவாயியின் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. ஒன்பது வீடுகள் பழைய குடியிருப்பு என்று பதிவாயின. ஒன்பதுக்கும் வீட்டுக்குள்ளேயே குழாய் வந்தது. பத்தாவது வீட்டுக்காரர் நோட்டீஸைப் பார்த்த உடனேயே அடிவாரத்தில் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். பதினோராவது வீட்டை மே மாதம் இடித்தார்கள். பாவாயி குடும்பத்துக்குக் கிளியூரில் வாடகை வீடு கிடைத்தது. பேரன் அங்கேதான் பிறந்தான்.

கலாவதிக்கு விசாரணை நடந்தது. அனுமதியில்லாமல் தண்ணீர் கொடுத்தீர்களா என்ற கேள்விக்கு ஆமாம் என்றாள். ஏன் என்று கேட்டார்கள். "தொட்டி காலியா இருந்துச்சுங்க" என்றாள். வேறு காரணம் ஏதும் உண்டா என்று கேட்டபோது இல்லை என்றாள். காசு வாங்கினாளா என்று வரிசைக்காரர்களைத் தனித்தனியாக விசாரித்தார்கள். எல்லோரும் இல்லையென்று எழுதிக் கொடுத்தார்கள். அவளே முன்வந்து காட்டியதால்தான் பழைய லைன் கிடைத்தது என்று புவனா ஒரு பக்கத்துக்கு எழுதித் தந்தார். நாற்பத்தைந்து நாள் சஸ்பெண்ட், இரண்டு வருடம் பதவி உயர்வு கிடையாது என்பதோடு முடிந்தது. திரும்ப வேலைக்குச் சேர்ந்தபோது சாவியை அவளிடம் கொடுக்கவில்லை. ஏரிக்கரை பம்ப் ஹவுஸில் மணிக்கு ஒரு முறை அளவு பார்த்து எழுதுகிற வேலைக்குப் போட்டார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. கால் வீங்கியது.

பாவாயி வேலையை விடவில்லை. கிளியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, அதே கல்லில் துவைத்துவிட்டு மாலையில் திரும்பிப் போனாள். தொட்டி பொதுத் தொட்டியாகப் பதிவாகியிருந்ததால் யாரும் தடுக்கவில்லை. கலாவதி அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தாள். ஏழு மாதம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கலாவதி கிளியூரில் ஒரு சீமந்தத்துக்குப் போக பஸ் ஏறினாள். உட்கார்ந்த பிறகுதான், அன்று சீக்கிரமே வேலையை முடித்துவிட்டுப் பக்கத்தில் துணி மூட்டையோடு இருந்தது பாவாயி என்று பார்த்தாள். எழுந்து வேறு இடம் போனால் நன்றாக இருக்காது. பஸ் கிளம்பியது. இரண்டு வளைவுகள் தாண்டும் வரை பாவாயி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கறேன். பைப்பை வெச்சுத்தான் கோடு போடுவாங்கன்னு உனக்கு மொதல்லயே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பாவாயி அதை நம்பியும் இருப்பாள்.

"தெரியுங்கக்கா."

"அன்னைக்கு டீ குடிக்க வந்தியே, அப்பவுமா?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன். வாய் வரலை."

பாவாயி மூட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். எஸ்டேட் ஸ்டாப்பில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். 

"சொல்லியிருந்தா நான் வேண்டாமின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் கடைசியில். "அத்தனை பேரும் போயிருப்போம். நொம்ப நாள் அதைத்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன்."

கிளியூர் வந்தது. பாவாயி முதலில் இறங்கினாள். மூட்டை படியில் மாட்டிக்கொண்டது. கலாவதி மேலிருந்து அதைத் தூக்கிக் கொடுத்தாள். பாவாயி வாங்கிக்கொண்டு, "சீமந்தம் முடிஞ்சதும் ஊட்டுக்கு வந்து பையனைப் பாத்துட்டுப் போ. கோயிலுக்குப் பின்னால மூணாவது ஊடு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கலாவதி சீமந்தத்துக்குக் கொண்டுவந்திருந்த பழத்தில் பாதியைத் தனியே எடுத்து வைத்தாள். மூன்று மணிக்கு அந்த வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. விழிக்கும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்பினாள்.